ஏழு டாக்டர்கள் எட்டிப் பார்த்த வாய்

ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்கள் அண்ணாச்சி. எனக்கு எதிர்க்காற்று ஆகாது. பல்லில் காற்றுப் பட்டால் கூசும். முன்பென்றால் கவலைப்பட மாட்டேன். இப்போது அது என் பல் மட்டும் இல்லை பாருங்கள், அறுபது பேருக்குப் பொதுவாகிவிட்டது. பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வண்டி எட்டு இருபதுக்கு எடுத்திருக்க வேண்டும். இப்போது எட்டு இருபத்தாறு. ஆறு நிமிஷம். நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. ஓய்வு பெற்றவன் கேட்டால் மரியாதை இருக்காது. முப்பத்தொரு வருஷம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவன் நான். ஆவுடையப்பன் என்று பெயர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது, என் நோட்டில் இருந்தால் அதுதான் உண்மை. பஸ் ஸ்டாண்டுக் கடிகாரம் தப்பாக ஓடும், என் நோட்டு ஓடாது. மைக்கில் சொல்வதும் நான்தான். “சங்கரன்கோவில் செல்லும் பயணிகள்” என்று ஆரம்பித்தால் காய்கறி மார்க்கெட் வரைக்கும் கேட்கும்.

ஐயோ, வேண்டாம் அண்ணாச்சி. கடலை மிட்டாய் வேண்டாம். நீங்கள் சாப்பிடுங்கள். கோவில்பட்டியில் பஸ் ஏறுகிற யாரிடமும் ஒரு பாக்கெட் இருக்கத்தான் செய்யும். ஆனால் இன்றைக்கு நான் எதையும் வாயில் போடக்கூடாது. திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பதினோரு மணிக்கு அங்கே என் பல்லை எடுக்கிறார்கள். பயப்படாதீர்கள், பிடுங்கவில்லை. பிரதி எடுக்கிறார்கள்.

கொஞ்சம் மெதுவாகவே பேசுவோம். மூன்று சீட்டுக்கு முன்னால் பச்சைச் சேலை தெரிகிறதா? என் வீட்டுக்காரி, உலகம்மாள். தலை சாய்ந்திருக்கிறது, தூங்குகிறாள். அவள் காதில் விழக்கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித் திருமங்கலம் வருவதற்குள் நான் ஒரு முடிவெடுத்தாக வேண்டும். உங்களைப் பார்த்தால் நிதானமான ஆள் மாதிரி தெரிகிறது. கேட்டுவிட்டு ஒரு வழி சொல்லுங்கள்.

போன மார்ச்சில் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் இலவசப் பல் முகாம் போட்டார்கள். எனக்குப் போக விருப்பமில்லை. உலகம்மாள்தான் இழுத்துக்கொண்டு போனாள். தூக்கத்தில் நான் பல்லைக் கடிக்கிற சத்தத்தில் அவளுக்குப் பயமாக இருக்கிறதாம். எலி அரிசி மூட்டையைக் கடிக்கிற மாதிரி இருக்கிறதாம். சரி, போய் உட்கார்ந்து வாயைத் திறந்தேன்.

எஸ்தர் ரத்னபாய் என்று ஒரு பேராசிரியை அம்மா. டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அப்புறம் திரும்பி, “எல்லாரும் கொஞ்சம் இங்க வாங்க” என்றார்.

வந்தார்கள் அண்ணாச்சி. ஏழு டாக்டர்கள். நான் எண்ணினேன். மற்ற நோயாளிகளை எல்லாம் அப்படியே விட்டுவிட்டு வந்து, ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். ஒரு சின்ன டாக்டர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொருவர், “ஒரே வாய்லயா!” என்றார். பேராசிரியை அம்மா என் தோளில் தட்டி, “ஐயா, முப்பது வருஷ சர்வீஸ்ல இத்தனையும் ஒரே எடத்துல நான் பாத்ததே இல்ல” என்றார். உலகம்மாளுக்குச் சந்தேகம். “நல்லா இருக்கா டாக்டர்?” என்று கேட்டாள். அந்த அம்மா என்ன சொன்னார் தெரியுமா? “எங்களுக்கு ரொம்ப நல்லா இருக்கும்மா.”

எனக்கு இப்படி ஒரு கொடுப்பினை இருந்திருக்கிறது, அறுபத்து மூன்று வயது வரைக்கும் ஒருத்தரும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். அந்தக் கல்லூரியில் பிள்ளைகள் பழகுவதற்குப் பிளாஸ்டிக் பல் வைத்திருந்தார்களாம். வெள்ளையாக, வரிசையாக, ஒன்று போல ஒன்று. அப்படிப் பல் நம் ஊரில் யாருக்கு இருக்கிறது? அதனால் ஓர் அசல் வாயைத் தேடிக்கொண்டிருந்தார்கள். என் பல் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, நெருக்கமாக, ஒற்றுமையாக நிற்கும். மேலே இரண்டு, இடம் போதாமல் பின்வரிசைக்குப் போய் அனுசரித்து நிற்கும். கீழே இடது பக்கம் கடைசிக்கு முந்தின பல்லில் ஒரு பள்ளம் உண்டு, சாப்பிட்டதில் கொஞ்சம் சேமித்து வைத்துக்கொள்ள வசதியாக. பாடம் நடத்த இதைவிட நல்ல வாய் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

சாத்தூர் வந்துவிட்டது. வெள்ளரிக்காய் விற்கிறவர்கள் ஏறுவார்கள், காலை மடக்கிக்கொள்ளுங்கள். உலகம்மாள் தலை நிமிர்ந்துவிட்டதா? வெள்ளரிக்காய்ச் சத்தத்தில் முழித்திருப்பாள். இதோ, மறுபடியும் சாய்ந்துவிட்டது. நல்லது.

இந்தப் பிரதி எடுக்கிற வேலையைச் செய்தது ஹாஜிரா என்று ஒரு பெண். கீழக்கரைக்காரி. டாக்டருக்குப் படித்து முடித்துவிட்டு, அதற்கு மேலும் படிக்கிறாள். பல்லை மூன்று விதமாகப் பிரதி எடுத்து, எது அசலுக்கு ரொம்பக் கிட்டத்தில் வருகிறது என்று அளந்து பார்ப்பது அவள் ஆராய்ச்சி. அதற்கும் என் வாயைத்தான் கேட்டார்கள். ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை போனோம்.

முதல் விதம், இளஞ்சிவப்பாக ஒரு பசை. அதை ஒரு தட்டில் வைத்து வாய்க்குள் அமுக்குவார்கள். ஆறிப்போன களியைக் கடித்த மாதிரி இருக்கும். அது இறுகியதும் கழற்றி, அந்த அச்சில் மாவுக்கட்டுக்குப் போடுகிற மாவை ஊற்றிப் பல் செய்து, அந்த மாவுப் பல்லை ஒரு பெட்டிக்குள் வைப்பார்கள். பெட்டிக்குள் வெளிச்சம் கோடு கோடாக ஓடும், கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது, பேனா மாதிரி ஒரு கேமரா. பசை கிடையாது, மாவு கிடையாது. வாய்க்குள்ளே பல் பல்லாகக் காட்டிக்கொண்டே போவார்கள். எதிரே திரையில் என் பல் கொஞ்சம் கொஞ்சமாக முளைத்து வரும். கோலம் வளர்கிறதைப் பார்க்கிற மாதிரி இருக்கும் அண்ணாச்சி.

மூன்றாவது, நிற்க வைத்து, தாடையை ஒரு கட்டையில் ஊன்றச் சொல்வார்கள். ஒரு எக்ஸ்ரே மெஷின் நம் தலையை ஒரு சுற்றுச் சுற்றி வரும். அது ஈறுக்கு அடியில் இருக்கிற வேரைக்கூடப் பார்த்துவிடுமாம்.

எந்த விதத்தில் எடுத்தாலும் கடைசியில் ஒரு மெஷினுக்கு அனுப்பினால், அது சொட்டுச் சொட்டாக அடுக்கி அப்படியே பல்லை அச்சடித்துக் கொடுத்துவிடும்.

“ஐயா, மூணும் முடியுற வரைக்கும் எதுவும் சாப்பிடாதீங்க, தண்ணி மட்டும் குடிங்க” என்று ஹாஜிரா சொன்னாள். பசை வைத்தது பத்து பத்துக்கு. பேனா பன்னிரண்டு ஐந்துக்கு. நடுவில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் சும்மா உட்கார வைத்தால் மனுஷன் என்ன செய்வான்? உலகம்மாள் டீ குடிக்கப் போனாள். என் சட்டைப் பையில்...

இதுதான் அந்த விஷயம். கிட்டே வாருங்கள்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. போன வருஷம் இருநூற்றுப் பத்து வந்ததும் உலகம்மாள், இனிப்பைத் தொட மாட்டேன் என்று தன் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாள். பண்ணினேன். வைத்த கையை எடுத்துவிட்டேன், கடலை மிட்டாயை விடத்தான் முடியவில்லை. அன்றையிலிருந்து அவளுக்குத் தலைவலி வந்தால் எனக்குப் பகீரென்கிறது. பழி என் மேல்தானே வரும்?

பதினொன்று நாற்பதுக்கு மாடிப்படிப் பக்கம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். பன்னிரண்டு ஐந்துக்கு ஹாஜிரா பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டாள்: “ஒண்ணும் சாப்பிடலைல்ல ஐயா?” உலகம்மாள் டீ குடித்துவிட்டு வந்து பக்கத்திலேயே நிற்கிறாள். நான் என்ன சொல்ல முடியும்? “பச்சைத் தண்ணிகூட இல்லம்மா” என்றேன். எதற்கும் ஒரு தடவை வாயைக் கொப்பளித்துவிடுங்கள் என்றாள். ஒன்றும் சாப்பிடாதவன் எதற்குக் கொப்பளிக்க வேண்டும் என்று கேட்டுவிட்டேன். பாவம், எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

இதில் நான் அந்தப் பெண்ணிடம் பொய் சொன்னதாக ஆகாது. நான் பொய் சொன்னது உலகம்மாளிடம். அந்தப் பெண் நடுவில் நின்றுகொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

அந்தக் கண்டக்டரைப் பாருங்கள். டிக்கெட் கொடுத்து முடித்துவிட்டு நம் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் இவ்வளவு இடம் கிடக்கிறது. எதிர் சீட்டு அம்மாவும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வருகிறார். என் பல்லைக் கவனித்திருப்பார்.

அப்புறம், பேனாவில் எடுத்ததுதான் பார்க்க அழகாக இருந்தது என்று அதை வைத்தே அறுபது பிரதி அச்சடித்து முதல் வருஷப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். என் வீட்டுக்கும் ஒன்று வந்தது. டிவி ஸ்டாண்டில், எனக்கு டெப்போவில் கொடுத்த கேடயத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். வருகிறவர்கள் எல்லாம் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். என் மைத்துனன் பார்த்துவிட்டு, கொடுத்த காபியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டான். பொறாமை. அவனுக்குப் பல் வரிசையாகத்தான் இருக்கிறது. என்ன பிரயோஜனம், எந்தக் கல்லூரி கேட்டது?

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, போன மாதம் ஹாஜிரா போன் பண்ணினாள். மூன்று பிரதிகளையும் கம்ப்யூட்டரில் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒத்துப்போகிற இடம் பச்சையாகத் தெரியும், ஒத்துப்போகாத இடம் சிவப்பாகத் தெரியும். பேனாவில் எடுத்தது முழுக்கப் பச்சை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் சிவப்பு. கீழே, இடது பக்கம், கடைசிக்கு முந்தின பல். அங்கே மட்டும் ஒரு மேடு. மாவுப் பல்லிலும் எக்ஸ்ரேயிலும் இல்லாத மேடு. ஒரு மில்லிமீட்டர். அவர்கள் அளவில் அது ஒரு கிலோமீட்டராம்.

பேராசிரியை அம்மா கறாரானவர். “ஒண்ணு, உன் கை ஆடியிருக்கணும். இல்ல, அவர் சாப்பிட்டிருக்கணும். சாப்பிடலன்னு நீயே கையெழுத்து வாங்கியிருக்க. அப்போ கைதான்” என்று சொல்லிவிட்டாராம். கை ஆடியது என்றால் ஆராய்ச்சியை முதலிலிருந்து செய்ய வேண்டும். ஆறு மாதம். அந்தப் பெண்ணின் வாப்பா சவூதியிலிருந்து லீவு போட்டு, அவள் பட்டம் வாங்குகிறதைப் பார்க்க வருகிறாராம்.

“ஐயா, கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்க. அன்னைக்கு ஏதாவது...” என்று இழுத்தாள். உலகம்மாள் எதிரே கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். “முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பர்மா நான். எனக்கா மறக்கும்?” என்று வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு டிவி ஸ்டாண்டுக்குப் போனேன். அந்தப் பல்லைப் பார்த்தேன்.

அண்ணாச்சி, அது பாதிக் கடலை.

சந்தேகமே இல்லை. பள்ளத்தில் மல்லாக்கப் படுத்திருக்கிறது. அதன் முனையில் சின்னதாக ஒரு மூக்கு இருக்குமே, அந்த மூக்குகூட அச்சில் விழுந்திருக்கிறது. அந்தப் பிரதியை இந்தப் பையில்தான் வைத்திருக்கிறேன், டிபன் டப்பாவில். பாருங்கள். தடவிப் பாருங்கள், சுத்தமாகத்தான் இருக்கிறது. தெரிகிறதா மூக்கு? கல்லூரியில் யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் பல்லைத் தெரிந்தவர்கள், கடலையைத் தெரிந்தவர்கள் இல்லை.

கை ஆடியிருந்தால் இந்த மூக்கு விழுமா அண்ணாச்சி? நீங்களே சொல்லுங்கள். எவ்வளவு நிதானமான கை! அதைப் போய் ஆடிய கை என்கிறார்கள். அன்று இரண்டு வேளை எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்றைக்கு என்ன நடக்கப் போகிறது என்றால், வேறு ஒரு டாக்டர் கையில் பேனாவைக் கொடுத்து மறுபடியும் எடுக்கப் போகிறார்கள். என் வாய் சுத்தமாக இருக்கும். மேடு இருக்காது. அப்போது முடிந்தது, ஹாஜிராவின் கைதான் ஆடியது என்று எழுதிவிடுவார்கள். நான் உண்மையைச் சொன்னால் அந்தப் பெண் தப்பித்துக்கொள்வாள், நான் மாட்டிக்கொள்வேன். உலகம்மாள் கூடவே வருகிறாள். தலையில் கை வைத்த சத்தியம் அண்ணாச்சி, சும்மாவா?

முதல் நாள் சாப்பிட்டது என்று சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன். முடியாது. பத்து பத்துக்கு எடுத்த பசையில் மேடு இல்லை, பன்னிரண்டு ஐந்தில் இருக்கிறது. கடலை அந்த நடுவில்தான் வந்திருக்க வேண்டும்; கடைசியில் எக்ஸ்ரேக்கு முன்னால் தண்ணீர் குடித்தேன், அதில் போயிருக்கும். நேரத்தைக் குறித்து வைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் இந்த மாதிரி சமயத்தில் கழுத்தை அறுக்கிறது.

விருதுநகர் தாண்டியாச்சா? ஒன்பது இருபது. பரவாயில்லை, மூன்று நிமிஷத்தைப் பிடித்துவிட்டான்.

இப்போது எனக்கு ஒரு யோசனை வருகிறது. அண்ணாச்சி, அந்த மிட்டாயில் ஒரு துண்டு கொடுங்கள். சாப்பிடுவதற்கு இல்லை, காரியமாகத்தான். பாதிக் கடலையாகப் பார்த்துக் கொடுங்கள். அதே பள்ளத்தில், அதே மாதிரி மல்லாக்க, மூக்கு வெளிப்பக்கம் பார்த்து வைத்துவிட்டால், பதினோரு மணிக்கு யார் கையில் எடுத்தாலும் மேடு வரும். அப்போது மேடு என் பல்லிலேயே இருப்பது என்று ஆகிவிடும். அந்தப் பெண் கையும் தப்பும், என் சத்தியமும் தப்பும். எப்படி? நீங்கள் அந்தப் பிரதியை இப்படித் திருப்பிப் பிடியுங்கள், பார்த்து வைக்கிறேன். இரண்டு துண்டாகவே கொடுங்கள், ஒன்று வழுக்கிவிட்டது. வழுக்கினதைத் துப்பவா முடியும்? விழுங்கிவிட்டேன். ம்... நல்ல பாகு. இன்னொன்று. இதோ, உட்கார்ந்துவிட்டது. மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் நாக்கால்...

ஏன் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்?

என்ன கண்டக்டர் தம்பி? கேட்டதா? எது கேட்டது? முதலிலிருந்தா? நான் மெதுவாகத்தானே பேசிக்கொண்டு வருகிறேன்! டிரைவருக்குமா? என்னது, விருதுநகரில் இறங்க வேண்டியவர்கள் இரண்டு பேர் இன்னும் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறார்களா? ஏன், தூங்கிவிட்டார்களா?

அண்ணாச்சி. பச்சைச் சேலை எழுந்துவிட்டது. வருகிறாள். அந்த டப்பாவை மூடுங்கள்.

“ஒண்ணுமில்ல உலகம்மா. சும்மா அண்ணாச்சிகூட... வாய்லயா? வாய்ல ஒண்ணும்...”

கேட்டீர்களா? ‘இன்னொரு தடவ பச்சைத் தண்ணிகூட இல்லன்னு சொல்லுங்க பாப்போம்’ என்கிறாள்.

“கடலை மிட்டாய்தான். ஆமா. அன்னைக்கும் அதான். உனக்குத் தல கில வலிக்குதா?”

‘இப்பத்தான் வலிக்குது’ என்கிறாள். எதிர் சீட்டு அம்மா சிரிக்கிறார். சிரியுங்கள், சிரியுங்கள்.

என்ன செய்கிறாள்? போனை எடுத்து ஹாஜிரா நம்பரை அழுத்திவிட்டாள் அண்ணாச்சி. என் கையில் திணிக்கிறாள். மணி அடிக்கிறது. நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாமே என்றால், நேரில் போனால் என் வாயில் வேறு ஏதாவது வந்துவிடுமாம். டிரைவர் ஹாரன்கூட அடிக்க மாட்டேன் என்கிறான்.

“ஹலோ. ஆவுடையப்பன் பேசுறேம்மா. ஒரு நேரம் குறிச்சுக்க. பதினொண்ணு நாப்பது. கடலை மிட்டாய். ஒரு துண்டு... இல்ல, ரெண்டு. ஆமா, நான்தான், வேற யாரு? மாடிப்படிப் பக்கம். அது மேடு இல்லம்மா, கடலை. கண்ணாடி வச்சுப் பாரு, மூக்கு தெரியும். உன் கை ஆடலை. ஆடுன கையில மூக்கு விழாது. டாக்டர் அம்மாகிட்ட நானே சொல்றேன், எழுதிக் கையெழுத்தும் போடறேன். ஹலோ? அழுறியா என்ன? ...சிரிக்கிறியா? சரி, சிரி.”

வைத்துவிட்டாள். இந்தா உலகம்மா, போன்.

உலகம்மாள் என் சட்டைப் பையில் கை விட்டுத் துழாவுகிறாள். ஒன்றும் இல்லை, பார்த்துக்கொள். உங்கள் பாக்கெட்டையும் கேட்கிறாள். கொடுத்துவிடுங்கள், அவளிடம் வாதாட முடியாது. பாருங்கள், எதிர் சீட்டு அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, அவளும் ஒன்றை வாயில் போட்டுக்கொள்கிறாள். அவளுக்குச் சர்க்கரை இல்லை.

நாங்கள் இறங்க வேண்டிய திருமங்கலம் வந்துவிட்டது. ஒன்பது ஐம்பத்தெட்டு. ஆறு நிமிஷத்தையும் பிடித்துவிட்டான். நல்ல டிரைவர், எழுதி வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் வைத்திருந்தால் கொஞ்சம் கொடுங்கள், ஜன்னல் வழியாகக் கொப்பளித்துவிடுகிறேன். இன்றைக்காவது சுத்தமாகப் போக வேண்டும். ம். ஆச்சு. ஒரு உதவி அண்ணாச்சி. போனில் டார்ச் போட்டு ஒரு தடவை உள்ளே பாருங்கள், கடலை ஏதாவது மிச்சம் இருக்கிறதா? கீழே, இடது பக்கம். ஆ...

என்ன, பின்னால் சாய்ந்துவிட்டீர்கள்? வாயை வேறு பொத்திக்கொள்கிறீர்கள்!

பரவாயில்லை அண்ணாச்சி, எனக்குப் புரிகிறது. முதல் தடவை பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் இருக்கும். அந்த ஏழு பேரும் படித்த டாக்டர்கள், அவர்களே அசந்து போனார்கள்.